மரகதம் கார்டன் பின்கேட்

ஆகஸ்ட் 11

ஜனவரியில் என் மனைவி அமிர்தத்துக்கு அவள் வேலை பார்த்த பள்ளியில் கொடுத்த டைரி இது. அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. பீரோவில் அவள் புடவைகளை எடுத்து அடுக்கியபோது அடியில் கிடைத்தது. வீணாகக் கிடப்பானேன் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மேல்தொட்டியைக் கழுவினேன். முருங்கையில் கம்பளிப்பூச்சி, வேப்பெண்ணெய் கரைத்து அடித்தேன். மாலையில் பெங்களூரிலிருந்து மகள் வினோதினி பேசினாள்.

இன்றோடு நாற்பது நாள்.

ஆகஸ்ட் 14

சங்கத் தலைவர் வரதராஜுலு ஒரு கடிதத்தோடு வந்தார். நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறது. பூவந்தாங்கல் ரயில் நிலையம் திறந்து ஒரு வருடம் ஆகிறது. அதைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்கள் வண்டியைத் தேடாமல் நடந்தே நிலையத்துக்குப் போய்வர வழி அமைக்கப் போகிறார்களாம். இருபத்து நாலாம் தேதி பள்ளிக்கூட ஹாலில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். செயலாளர் என்ற முறையில் நான் போக வேண்டும்.

போகும்போது, பின்கேட் பேச்சை மட்டும் நாமாக எடுக்க வேண்டாம் என்றார்.

அந்தக் கேட்டைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன். மரகதம் கார்டனில் அறுபத்து நாலு வீடுகள். கிழக்குச் சுவரை ஒட்டித்தான் ரயில் நிலையம். அந்தச் சுவரில் ஒரு இரும்புக் கேட். அது திறந்திருந்தால் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நாலு தப்படி. மூடியிருந்தால் பைபாஸ் சாலைக்கு ஏறி, லாரிகளுக்குப் பக்கத்திலேயே ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்து, முன்பக்க அலங்கார வளைவு வழியாக உள்ளே வர வேண்டும். வளைவையும் தாண்டினால் செங்கல்சூளைத் தெரு. நிலையம் திறந்ததும் அந்தத் தெரு ஆட்கள் எங்கள் குடியிருப்புக்குள் நடந்து போக ஆரம்பித்தார்கள். புகார்கள் வந்தன. கேட்டுக்குப் பூட்டு போட்டு வீட்டுக்கு ஒரு சாவி கொடுத்தோம். சிலர் தங்கள் சாவியால் வெளியாட்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஜூன் 8 பொதுக்குழுத் தீர்மானப்படி கேட் வெல்டிங் வைத்து மூடப்பட்டது. தீர்மானத்தில் செயலாளர் கையெழுத்திட்டார்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றினோம். மிட்டாய் மிஞ்சிவிட்டது.

ஆகஸ்ட் 24

கூட்டத்துக்குப் போனேன். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். திட்ட அலுவலகத்திலிருந்து நிலோஃபர் நிஷா என்று ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து எல்லோரையும் சுற்றி உட்காரச் சொன்னார். ஆளுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். நடக்கப் பயமாக இருக்கிற இடத்தில் ஒட்ட வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் பைபாஸ் பகுதி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. டயர்க் கடை வளைவில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். என் ஸ்டிக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பதினாலாம் நம்பர் வீட்டு அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துக்கம் விசாரித்தார். அப்போது ஊரில் இல்லாதவர். அவ்வளவு மழையில் அவங்க ஸ்கூட்டரோட வரச் சொல்லி உங்களைக் கூப்பிடலையா என்று கேட்டார். போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது, மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். எல்லோரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 29

ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. தயிர் போட்டுச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 7

இன்று நடைக் கணக்கெடுப்பு. ஆறு ஆறு பேராகப் பிரித்து, நிலையத்திலிருந்து அவரவர் வீடு வரைக்கும் தினமும் போகிற வழியிலேயே நடக்கச் சொன்னார்கள். வழியில் என்ன தடையோ அதைக் குறிக்க வேண்டும். நான் இந்த மூன்று மாதத்தில் நிலையத்துப் பக்கம் போனதில்லை. அதற்கு முன்னால் எப்போதும் ஸ்கூட்டர்தான்.

எங்கள் குழுவில் ஐந்து பேர் செங்கல்சூளைத் தெருக்காரர்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அட்டையையும் பேனாவையும் என்னிடம் கொடுத்தார்கள். முப்பது வருடம் ஒரு கம்பெனி கிடங்கில் இருப்பு எழுதியவன். எழுதினேன். மூடியில்லாத கால்வாய், பதினோரு மீட்டர். எரியாத விளக்குக் கம்பம், மூன்று. டயர்க் கடை வளைவில் வெள்ளைக் கோட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவே நடக்கக் கிடைக்கிற இடம், இரண்டடி.

அந்த இடத்தில் குழுவிலிருந்த ஒரு பெண் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்று, மறுபடி போட்டுக்கொண்டாள். எனக்கு இரண்டடி என்பதைத் திரும்ப ஒருமுறை அளந்து பார்க்கத் தோன்றியது. அளந்தேன். இரண்டடிதான்.

முன்வளைவுக்கு வந்ததும் அவள் என்னிடம் வந்தாள். பெயர் ஆரோக்கியமேரி. துணி தைக்கிற கம்பெனியில் வேலை. அமிர்தம் வருகிற அதே ரயிலில் வருகிறவள்.

"அக்கா கூட தெனமும் நான்தான் சார் நடப்பேன். அன்னிக்கும் நான்தான் கூட இருந்தேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சேலையெல்லாம் ஈரமாக நின்றுகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. நர்ஸ் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. கும்பிட்டேன்.

செப்டம்பர் 8

கால் வலி. வெளியே போகவில்லை.

செப்டம்பர் 13

நிலோஃபர் நிஷா சங்க அலுவலகத்துக்கு வந்தார். வரதராஜுலு காபி வரவழைத்தார். பைபாஸில் நடைபாதை போட நெடுஞ்சாலைத் துறை சம்மதித்து, கால்வாயை மூடி, எல்லாம் முடிய நாலு வருடம் ஆகலாம் என்றார் அந்தப் பெண். பிறகு வரைபடத்தில் எங்கள் கிழக்குச் சுவரைத் தொட்டு, இந்த ஒரு கேட்டைத் திறந்தால் நாளைக்கே எண்ணூறு பேர் பைபாஸ் பக்கம் போக வேண்டியதில்லை என்றார். சுவர் சங்கத்துக்குச் சொந்தம். சங்கம் தீர்மானம் போட்டுக் கொடுத்தால் தளக்கல், விளக்கு, பைக் நுழையாதபடி குறுக்குக் கம்பி எல்லாம் அவர்கள் செலவு.

வரதராஜுலு பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். பெண் பிள்ளைகள் இருக்கிற இடம் என்றார். கார் கண்ணாடி உடைந்ததைச் சொன்னார். அது தென்னை மட்டை விழுந்து உடைந்தது. அவர் முடித்ததும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, செயலாளர் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்றேன்.

அவருக்கு அமிர்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் என்னைக் கேட்டிருக்க மாட்டார்.

செப்டம்பர் 14

வினோதினி பேசினாள். நான் கொஞ்சம் அழுதுவிட்டேன். போன் எடுக்க முடியாமல் போனதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் அப்பா, உங்கள் மேல் தப்பில்லை என்று வழக்கம்போலச் சொன்னாள்.

செப்டம்பர் 21

ஆரோக்கியமேரி வீட்டுக்கு வந்தாள். கேட்டைத் திறக்கச் சொல்லி அவள் தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனு. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அமிர்தத்தின் படத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எத்தனையோ தடவை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், இப்படி வருவேன் என்று நினைக்கவில்லை என்றாள்.

அமிர்தம் எங்கள் சாவியால் கேட்டைத் திறந்து முதலில் விட்டது இவளைத்தான். பிறகு இவளோடு வந்த நாலைந்து பேரை. ஆகஸ்ட் 14-இல் 'சிலர்' என்று எழுதினேன். சிலர் இல்லை. அமிர்தம் ஒருத்திதான். செயலாளர் வீட்டுச் சாவியே வெளியாட்களுக்குத் திறக்கிறது என்று கூட்டத்தில் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெல்டிங் வைக்கலாம் என்று முதலில் சொன்னது நான்.

வெல்டிங் வைத்த அன்றிலிருந்து அவள் என் ஸ்கூட்டரில் ஏறவில்லை. நிலையத்துக்கு வெளியே வண்டியோடு நின்றால், இவங்ககூட நடந்தே வர்றேங்க, நீங்க போங்க என்பாள். சத்தம் போடவில்லை, முகம் திருப்பவில்லை. சமையல், பேச்சு எல்லாம் எப்போதும்போல. நாலாம் நாளோடு நான் போவதை நிறுத்திவிட்டேன்.

ஆரோக்கியமேரி கிளம்பும்போது நான்தான் கேட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று. போலீஸ் சொன்னதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

டயர்க் கடைக்கு முன்னால் வரும்போது மழை வலுத்துவிட்டது. இருவரும் கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள். அமிர்தத்துக்கு முழங்கால் வலி. பையிலிருந்து போனை எடுத்தாள்.

"ரெண்டு தடவ அடிச்சாங்க சார். முழுசா அடிச்சு நின்னுச்சு. அப்புறம் போனை உள்ள வச்சுட்டு, 'அவரு குளிச்சிட்டு இருப்பாரு, வா, நடந்துரலாம்'னாங்க."

கால்வாயில் தண்ணீர் நிரம்பி விளிம்பு தெரியவில்லை. சாலைப் பக்கமாக நகர்ந்து நடந்தார்கள். அமிர்தம் வெளிப்பக்கம். தண்ணீர் லாரி.

ஆரோக்கியமேரி போன பிறகு வாசலைப் பெருக்கினேன்.

நான் சாயங்காலத்தில் குளிக்கிறவன் இல்லை. முப்பத்தோரு வருடமாக அது அமிர்தத்துக்குத் தெரியும்.

செப்டம்பர் 23

அன்றைக்குப் போன் சார்ஜில் இல்லை.

ஹாலில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போன் மடியில் இருந்தது. அமிர்தம் என்று பெயர் வந்தது. மணி ஆறு ஐம்பத்திரண்டு. இருபத்து நாலு நாளாக அவள் இறங்கி வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன். இதோ கேட்டுவிட்டாள் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. சரி, இன்னும் ஒரு நாள் நனைந்து நடக்கட்டும், அப்போதுதான் உறைக்கும் என்று தோன்றியது. அடித்து நின்றது. இரண்டாம் முறை அடித்தபோது வண்டிச் சாவியை எடுக்க எழுந்தேன். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

எழுதிவிட்டேன்.

அக்டோபர் 4

பொதுக்குழு நவம்பர் 2 என்று நோட்டீஸ் ஒட்டினேன். பொருள்: பின்கேட். வரதராஜுலு வீடு வீடாகப் போய்ப் பேசுகிறார். தண்ணீர் மோட்டார் ரிப்பேர்.

அக்டோபர் 20

தீபாவளி. வினோதினியை வர வேண்டாம் என்று சொன்னேன். விடுமுறை கிடைக்காமல் அவள் கஷ்டப்பட வேண்டாம் என்று காரணம் சொன்னேன். அவள் எதிரில் உட்கார என்னால் முடியாது.

அக்டோபர் 27

வினோதினிக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாக எடுத்து எடுத்து வைக்கிறேன். கூட்டத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 1

சொல்லவில்லை.

நவம்பர் 2

ஐம்பத்தொரு வீட்டார் வந்திருந்தார்கள். வரதராஜுலு முதலில் பேசினார். அமிர்தவல்லி அம்மா சாவு நம் எல்லோருக்கும் துக்கம், அதற்காக உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாது, செயலாளரே இதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். எழுதி வைத்திருந்த காகிதம் கையில் இருந்தது, படிக்கவில்லை.

"கேட்டை வெல்டிங் வைக்கலாம்னு முதல்ல சொன்னது நான். எங்க வீட்டம்மா மழையில நின்னு என்னைக் கூப்பிட்டா. போன் சார்ஜில இருந்துச்சுன்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். என் கையிலதான் இருந்துச்சு. ரெண்டு தடவையும் எடுக்கல. சுவரைக் காட்டி அந்தச் சனங்களுக்குப் புத்தி சொல்லலாம்னு நினைச்சோம். நான் என் வீட்டுலயும் அதையே செஞ்சேன். திறந்துடலாம்."

இவ்வளவுதான் சொன்னேன். யாரும் என்னைத் தேற்ற வரவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். திறக்கலாம் என்று இருபத்தொன்பது, கூடாது என்று இருபத்திரண்டு. பதினாலாம் நம்பர் அம்மாள் தூக்கினார். வரதராஜுலுவின் மருமகளும் தூக்கினாள்.

செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 3

வினோதினிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நான் போனை எடுத்து எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவள் அழைப்பு வந்தது. அழுகை இல்லை. ஆபீசில் யாரிடமோ விவரம் கேட்பதுபோல் கேட்டாள்.

"அம்மா கூப்பிட்டப்போ போன் உங்க கையில இருந்துச்சாப்பா?"

ஆமாம் என்றேன்.

"பேரைப் பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"நீங்க அழறப்போல்லாம் உங்க மேல தப்பில்லன்னு நான்தானப்பா சொன்னேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு தடவையாவது நிறுத்தியிருக்கலாம் நீங்க."

பிறகு, இனிமே நானா கூப்பிடறேன், அதுவரைக்கும் நீங்க கூப்பிடாதீங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நவம்பர் 9

இல்லை.

நவம்பர் 12

வெல்டிங்கை அறுத்தார்கள். நான் வீட்டுக்குள் இருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நவம்பர் 28

சிவப்புத் தளக்கல் பதித்து முடித்துவிட்டார்கள். கேட்டிலிருந்து முன்வளைவு வரைக்கும் தெருவின் ஒரு பக்கம் நடப்பவர்களுக்கு மட்டும். வழி எங்கள் வாசலை ஒட்டித்தான் போகிறது. காலையில் பள்ளிப் பிள்ளைகள், கம்பெனிக்குப் போகிற பெண்கள், காய்கறிக் கூடையோடு ஒரு கிழவர். சாயங்கால ரயில் வந்த பத்தாவது நிமிடம் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. சாவிப் பேச்சு வந்தபோதெல்லாம் அமிர்தம் சொன்னபடி எவரும் எங்கள் வீட்டிலிருந்து எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருத்தி நின்று, முருங்கைக் கீரை கொஞ்சம் கிள்ளிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஒரு கொப்பை ஒடித்தே கொடுத்தேன்.

ஆரோக்கியமேரி தினமும் போகிறாள். வாசலில் நான் நின்றால் தலையசைப்பாள். கூட்டத்தில் நான் சொன்னது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்கவில்லை. நிற்பதும் இல்லை.

டிசம்பர் 6

அழைப்பு இல்லை. முப்பத்து மூன்று நாள்.

டிசம்பர் 14

காலை பத்து மணி இருக்கும். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கேட் வழியாக ரயிலில் வந்தவர்கள் நடந்து வந்தார்கள். நடுவில் வினோதினி. தோளில் ஒரு பை, கையில் காகிதத்தில் சுற்றிய பூ. இளைத்திருந்தாள்.

வேகமாகப் படியிறங்கிக் கதவுக்கு வந்தேன். அதற்குள் அவள் வீட்டைக் கடந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. தளக்கல் வழியே நேராக முன்வளைவுப் பக்கம் போனாள். அங்கே ஆரோக்கியமேரி காத்திருந்தாள். இருவரும் பைபாஸ் பக்கம் திரும்பினார்கள். பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டயர்க் கடை வளைவுக்கு நானும் போகலாமா என்று யோசித்தேன். போகக் கூடாது என்று தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தாள். கையில் பூ இல்லை. கண் சிவந்திருந்தது. வாசலுக்கு நேரே வந்ததும் நடை மெதுவானது. ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரம். அவள் அம்மாவின் செருப்பு இன்னும் படியோரம் கிடக்கிறது, அதைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டைப் பார்த்து நடந்தாள்.

கதவைப் பூட்டாமல் பின்னாலேயே போனேன். இருபதடி விட்டு நடந்தேன். அவளுக்குத் தெரியும். வேகமாகப் போகவும் இல்லை, நிற்கவும் இல்லை. கேட்டைத் தாண்டிப் படியேறி நடைமேடைக்குப் போனோம். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் காலியிடத்தின் நுனியில் நான் உட்கார்ந்தேன்.

ரயில் வர பதினோரு நிமிடம் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அவள் எழுந்து போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. பக்கத்தில் அவள் மூச்சு கேட்டது. அது போதும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ரயில் தெரிந்ததும் எழுந்தாள்.

"காலைல சாப்பிட்டீங்களா?" என்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

சாப்பிட்டேன் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது.

"இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஏறிக்கொண்டாள். இந்தப் பக்க ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு நடந்து வந்து, ஒரு ஆளுக்கு அரிசி களைந்து வைத்தேன்.